கிணற்றடியில் நிற்பவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைபேசியில் தலைப்புக் கேட்டபோது 'பொருள் தேடி' என்று சொன்னேன். அழைப்பிதழிலும் அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். இன்று காலை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் கையிலிருந்த அழைப்பிதழை எட்டிப் பார்த்துவிட்டு, "ஷேர் மார்க்கெட் பத்திங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, வாழ்க்கையின் பொருளைப் பற்றி என்றேன். "ஓ, அதுவா" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் பொருள் தேடிப் போவது என்றால் பணம் தேடிப் போவதுதான். அகப்பாட்டுத் தலைவன் பொருள்வயிற் பிரிகிறான். பாலை கடந்து போகிறான். கார் வருவதற்குள் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் தேடியது கையில் எடுக்கக்கூடிய பொருள். வாழ்வின் பொருள் என்ன என்று இந்த வடிவில் கேட்பது நமக்குக் கொஞ்சம் புதிய பழக்கம். எப்படி வாழ்வது, எதை விடுவது, யாருக்குக் கொடுப்பது என்றுதான் நம் பழைய நூல்கள் அதிகம் கேட்டிருக்கின்றன.

ஆனாலும் கேள்வி நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு என்னிடமும் வந்தது. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றான். "ஐயா, எதுக்குய்யா வாழணும்?" என்றான். தேர்வுக்கு எந்தப் பாடம் வரும் என்று கேட்பதுபோல் கேட்டான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முப்பது ஆண்டு ஆசிரியர் வேலையில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒருவன் கேட்கிறானே! முக்கால் மணி நேரம் பேசினேன். பட்டினத்தார் வந்தார், புத்தர் வந்தார், ஆல்பெர் காம்யுவும் வந்தார். கடைசியில் ஒரு தாளில் ஆறு புத்தகங்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று போனான். அடுத்த திங்கட்கிழமை முதல் அவன் கல்லூரிக்கு வரவில்லை.

அந்த ஆறு புத்தகங்களில் ஒன்று டால்ஸ்டாயின் 'ஒப்புதல் வாக்குமூலம்'. இன்றைக்கு அதைப் பற்றியும், அதற்குள் இருக்கும் ஒரு சின்னக் கதையைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பு என்றதும், வாழ்வின் பொருளைப் பற்றி எழுதிய விக்டர் ஃபிராங்கல் பெயர் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் பெரியவர். அவரைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் தொடவில்லை.

டால்ஸ்டாய் பிறந்தது 1828. 'போரும் அமைதியும்' முழுமையாக வெளிவந்தது 1869. 'அன்னா கரீனினா' 1870களின் பிற்பகுதி. அதை முடிக்கும்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. உடம்பில் குறை இல்லை. வயலில் குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கிறார். மனைவி சோபியா, வீடு நிறையப் பிள்ளைகள், யாஸ்னயா பல்யானா என்ற பரம்பரைப் பண்ணை. போதாததற்குச் சமாரா மாகாணத்தில் 6,000 தெசியாத்தின் நிலம். நம் கணக்கில் ஏறத்தாழ 16,000 ஏக்கர். அங்கே 300 குதிரைகள். எழுத்தாளனுக்கு ஐரோப்பாவில் கிடைக்கக்கூடிய புகழெல்லாம் கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மனிதருக்கு வண்டி நின்றுபோகிறது. நிலத்தை எண்ணுகிறார்; சரி, இருக்கிறது, அதனால் என்ன என்று தோன்றுகிறது. பிள்ளைகளின் படிப்பை யோசிக்கிறார்; எதற்கு என்று தோன்றுகிறது. கோகோலையும் புஷ்கினையும் ஷேக்ஸ்பியரையும் விடப் புகழ் வரட்டும், வந்து? 'அதனால் என்ன' என்ற இந்தச் சின்னக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தினமும் இரவு தனியே உடை மாற்றும் அறையில் கயிறு கண்ணில் படாதபடி ஒளித்து வைத்தேன் என்று எழுதுகிறார். துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தன்னிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒருவர் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

இதையெல்லாம் அவர் எழுதிய நூலை ருஷ்யத் தணிக்கை விடவில்லை. 1882-இல் ஒரு மாத இதழில் வர இருந்தது, தடுத்துவிட்டார்கள். 1884-இல் ஜெனீவாவில் அச்சேறியது.

அந்த நூலின் நடுவில் ஒரு கதை வருகிறது. கீழ்த்திசைக் கதை என்று மட்டும் சொல்கிறார், எங்கே எடுத்தார் என்று சொல்லவில்லை. புல்வெளியில் ஒரு வழிப்போக்கன். வெறிகொண்ட விலங்கு ஒன்று துரத்துகிறது. தப்பிக்கப் பாழுங்கிணறு ஒன்றில் குதிக்கிறான். அடியில் வாயைப் பிளந்தபடி ஒரு பெரும்பாம்பு. இடையில் கல் இடுக்கில் முளைத்த செடியைப் பற்றித் தொங்குகிறான். கறுப்பு எலி ஒன்றும் வெள்ளை எலி ஒன்றும் அந்தச் செடியின் தண்டைச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கின்றன. அப்போது இலையில் தேன் துளிகளைப் பார்க்கிறான். நாக்கை நீட்டி நக்குகிறான். தனக்கு இருந்த தேன் துளிகள் இரண்டு, குடும்பமும் எழுத்தும், இப்போது இரண்டும் இனிக்கவில்லை, பாம்பும் எலிகளுமே கண்ணுக்குத் தெரிகின்றன என்கிறார் டால்ஸ்டாய்.

இந்தக் கதையைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. நம் ஊர்க் கதை அல்லவா இது!

ஆமாம். ஆனால் அது ருஷ்யாவுக்குப் போன வழி இருக்கிறதே, அதுவே தனிக் கதை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட அனுஷிர்வானின் அவையில் புர்சோய் என்ற மருத்துவர். நம் பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோனவர் அவர் என்பது மரபு. அந்த நூல் எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா கையால் 'கலீலா வ திம்னா' என்று அரபியில் வந்தது. புர்சோய் பெயரில் உள்ள அதன் முன்னுரையில் கிணற்று மனிதன் தொங்குகிறான். அங்கே அவன் காலடியில் நான்கு பாம்புகள் தலை நீட்டுகின்றன. அவை உடம்பின் நான்கு தாதுக்களாம். ஒன்று மிஞ்சினாலும் ஆள் காலி. மருத்துவர் கையில் கதை கிடைத்தால் பாம்புகூட நோயாகிவிடுகிறது, பாருங்கள்.

இன்னொரு வழி இதைவிட வேடிக்கை. புத்தரின் வரலாறு மேற்கே போனது. போதிசத்துவர் என்ற சொல் அரபியில் பூதாசஃப் ஆயிற்று. அது ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் போகும்போது ஜோசஃபாத் ஆயிற்று. அரண்மனையை விட்டு வெளியேறிய அந்த இளவரசனைக் கிறித்தவத் துறவி என்று நம்பி, ரோமத் திருச்சபை புனிதர் பட்டியலில் சேர்த்து, நவம்பர் 27-ஐத் திருநாளாகவும் குறித்துவிட்டது. கபிலவஸ்துவில் வளர்ந்தவர் ரோமாபுரியில் புனிதரானார்! அந்தப் புனிதரின் கதைக்குள் ஆசிரியர் சொல்லும் உவமையாகக் கிணற்று மனிதன் போகிறான். நம் கதையின் யானை மேற்கே போனபோது ஒற்றைக்கொம்பு விலங்கானது. ஜெர்மானியக் கவிஞர் ரூக்கெர்ட் அதை ஒட்டகமாக்கினார். இத்தாலியில் பார்மா நகரத்து ஞானஸ்நான மண்டபத்தின் தெற்கு வாசல் மேல் அந்தேலாமி இதைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்: மரத்தில் ஒருவன், கீழே நெருப்புக் கக்கும் பாம்பு, வேரைக் கொறிக்கும் இரண்டு பிராணிகள். குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வருகிறவர்கள் அண்ணாந்தால் கண்ணில் படுவது இது.

தமிழில் இது தோலாமொழித்தேவரின் சூளாமணியில் இருக்கிறது. சமணக் காப்பியம். யானை, பாம்பு உறையும் குழி, பிடித்துத் தொங்கும் பிடி, தேன்துளி எல்லாம் நான்கே அடியில் முடிந்துவிடுகின்றன. எலிகளுக்கு இடமில்லை. மக்கள் இன்பம் இவ்வளவுதான், எடைபோட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். டால்ஸ்டாய் பக்கம் பக்கமாகத் துடித்ததை இவர் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்கிறார். இந்த நூலைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, ஆண்டு 1889. ஜெனீவாப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு கழித்து. ஒரே கதை உலகத்தின் இரண்டு மூலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அச்சு மை பூசிக்கொண்டது. ஒருவருக்கு மற்றவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, மூலத்துக்கு வருவோம். மகாபாரதம், ஸ்திரீ பருவம். போர் முடிந்துவிட்டது. திருதராட்டிரன் நூறு பிள்ளைகளை இழந்து உட்கார்ந்திருக்கிறான். விதுரன் ஆறுதல் சொல்ல வருகிறான். அடர்ந்த காட்டில் ஒரு பிராமணன், செடிகொடி மூடிய கிணறு, அதில் தலைகீழாகத் தொங்குகிறான். எப்படித் தொங்குகிறான்? காம்பில் பலாப்பழம் தொங்குவதுபோல. ஐரோப்பாவுக்குப் போன வடிவங்களில் இந்தப் பலாப்பழத்தைக் காணோம். கிணற்றின் வாயில் ஆறு முகமும் பன்னிரண்டு காலும் உள்ள யானை. அது ஆண்டு, முகங்கள் பருவங்கள், கால்கள் மாதங்கள். எலிகள் இரவும் பகலும். அடியில் கிடக்கும் பாம்பு காலம். கொடி உயிர் வாழும் ஆசை. இப்படி ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டு போகிறான் விதுரன். உரையாசிரியர்கள் எல்லோரும் விதுரனின் வாரிசுகள். நானும்தான்.

ஆனால் கதையைச் சொல்லி முடித்ததற்கும் பொருளை விளக்கத் தொடங்குவதற்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறது. இத்தனை ஆண்டு நான் அதை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். திருதராட்டிரன் குறுக்கிடுகிறான். ஐயோ, எவ்வளவு துன்பத்தில் இருக்கிறான் அவன் என்கிறான். அந்த இடம் எங்கே இருக்கிறது, அவன் எப்படி விடுபடுவான், சொல், முயற்சி செய்து பார்ப்போம், அவனைத் தூக்கிவிட வேண்டும் என்று எனக்கு இரக்கமாக இருக்கிறது என்கிறான்.

விதுரன் மெல்லச் சொல்கிறான்: அரசே, இது மோட்சம் அறிந்தவர்கள் சொல்லும் உவமை.

வகுப்பில் இந்த இடம் வந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். கிழவனுக்குக் கண்தான் தெரியாது என்று பார்த்தால் உவமையும் புரியவில்லையே என்று நானே சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பாரசீகம், அரேபியா, ஜார்ஜியா, கிரேக்கம், இத்தாலி, ஜெர்மனி, ருஷ்யா என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! நான் படித்த வடிவங்களில், அந்த ஆள் எங்கே தொங்குகிறான், போய்த் தூக்குவோம் என்று கேட்டவன் கண் தெரியாத இந்த அரசன் ஒருவன்தான். பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவன். கேட்கக் கூடாத நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டவன், தடுக்க வேண்டிய நேரத்தில் எதையும் தடுக்காதவன். அவன் வாயிலிருந்து இது வருகிறது.

சமணர்கள் இதற்குச் சில வடிவங்களில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வானில் விமானத்தில் போகும் வித்தியாதரன் ஒருவன் கிணற்றைப் பார்த்துவிட்டுக் கைகொடுக்கிறான், ஏறி வா என்கிறான். இரு, இன்னும் ஒரே ஒரு துளி என்கிறான் தொங்குகிறவன். மதுபிந்துக் கதை என்று இதை ஓவியமாகவும் எழுதியிருக்கிறார்கள். அழகான கற்பனைதான். ஆனால் பழி முழுவதும் தொங்குகிறவன் தலையில் விழுகிறது. கை கொடுத்தவன் கடமை தீர்ந்தது என்று பறந்துவிடலாம்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு பழைய சங்கடம் உண்டு. நான் கிணற்று ஊர்க்காரன். திண்டுக்கல் பக்கம், மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமான பூமி. எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் வட்டக் கிணற்றைத் தூர் வாரினார்கள். சித்திரை மாதம். தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியிருந்தது. இறங்கினவர் சித்தப்பா. மேலே நின்றவர் பெரியப்பா. நானும் இன்னும் மூன்று பேரும் சேற்றுக்கூடையை வடம் போட்டு இழுக்க.

இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்கள். அடிவரைக்கும் போய் அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். முதல் தடவை பாதிக்கு மேலேயே சுடர் சிணுங்கியது. பெரியப்பா ஒரு பெரிய வேப்பங்குலையை ஒடித்துக் கயிற்றில் கட்டி, மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் காற்றைக் கலக்கினார். அரை மணி நேரம். மறுபடியும் விளக்கு. இப்போது நின்று எரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஏறிவிட்டு மறுபடி இறங்கும்போதும் விளக்கு விட்டுத்தான் இறக்கினார்கள். காலையில்தானே பார்த்தோம் என்று யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா இடுப்பில் தனியாக ஒரு கயிறு. அதன் நுனி பெரியப்பா கையில். கூடை வடம் வேறு, இந்தக் கயிறு வேறு. அவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. துவளைக்கல் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஏண்டா, செவலைக்குத் தண்ணி காட்டுனியா?"

"காட்டியாச்சுண்ணே."

"சந்தைக்கு என்னைக்குப் போற?"

"வெள்ளிக்கிழமண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா, செவலைக்குத் தண்ணி காட்டுனியா?"

"காட்டியாச்சுண்ணே."

மூன்றாவது முறையும் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் சொல்லிட்டாருல்ல பெரியப்பா" என்றேன். கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மாடு தண்ணி குடிச்சது எனக்குத் தெரியாதாடா? குரலு வருதான்னு பாக்குறேன்."

கெட்ட காற்று சத்தம் போட்டுக்கொண்டு வராது. உள்ளே இருப்பவனுக்கே தெரியாமல் தலை கிறுகிறுக்கும், பதில் குழறும், பிறகு பதில் வராது. பதில் வராத கணத்தில் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவனைக் கேட்டுக்கொண்டு இழுப்பதில்லை. இன்னும் ஒரு துளி என்று அவன் சொன்னாலும் இழுப்பதுதான். அந்தக் காலத்தில் எத்தனையோ ஊரில் மேலே சரியான ஆள் நிற்காததால் கிணறு ஆளைத் தின்றிருக்கிறது. இன்றைக்கும் கழிவுநீர்த் தொட்டிகளில் தொழிலாளர்களைக் கயிறும் இல்லாமல் காற்றுப் பார்க்கும் கருவியும் இல்லாமல் இறக்குகிறோம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாவு நிற்கவில்லை. அவர்களிடம் போய் வாழ்வின் பொருள் என்ன என்று கருத்தரங்கு நடத்த எனக்கு வாய் வராது.

என் சங்கடம் இதுதான். விதுரனின் கிணற்றில் மேலே ஆள் இல்லை. புர்சோயின் கிணற்றிலும், ஜோசஃபாத்தின் கிணற்றிலும், டால்ஸ்டாயின் கிணற்றிலும் இல்லை. தொங்குகிறவன் தனியே தொங்குகிறான். கதை சொல்கிறவன் மட்டும் விளிம்பில் நின்று, இது காலம், இது ஆசை என்று விரலை நீட்டுகிறான். அவன் கையில் கயிறு கிடையாது.

டால்ஸ்டாய் எப்படித் தப்பினார்? முதலில் அறிவாளிகளிடம் போனார். சாக்ரடீஸ், ஷோப்பன்ஹவர், விவிலியத்தின் சாலமோன், புத்தர் எல்லோரையும் கேட்டார். வாழ்வு துன்பம் என்ற ஒரே பதிலைத்தான் தமக்குப் புரிந்த வரையில் எடுத்துக்கொண்டார். தத்துவம் கணக்குப் போட்டுப் போட்டுக் கடைசியில் பூச்சியம் சமம் பூச்சியம் என்று நிற்கிறது என்று சலித்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒன்று உறைத்தது. வாழ்க்கைக்குப் பொருள் இல்லை என்று சொன்னோமே, யாருடைய வாழ்க்கையைப் பார்த்துச் சொன்னோம்? வேலை செய்யாமல் உட்கார்ந்து தின்னும் நம் கூட்டத்தின் வாழ்க்கையைப் பார்த்து. கோடிக்கணக்கான உழவர்கள் பக்கத்திலேயே உழுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், சாகிறார்கள். இந்தக் கேள்வி அவர்களை வீழ்த்தவில்லையே! அவர்கள் பக்கம் நகர்ந்தார். தேவாலயத்தோடு சேர்ந்தார், பிறகு சண்டை போட்டார். 1901-இல் திருச்சபை அவரை விலக்கி வைத்தது.

உழவர்களை அவர் கொஞ்சம் தூக்கிப் பேசுகிறார் என்பது என் எண்ணம். ஏழைக்கும் 'எதுக்கு வாழணும்' என்ற கேள்வி வரும். எழுதி வைக்க அவனுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் 1891-இல் பஞ்சம் வந்தபோது அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரியாசான் மாகாணத்தில் போய்த் தங்கி, மகள்களோடு கஞ்சித்தொட்டி திறந்தார். இருநூறுக்கு மேற்பட்ட சமையற்கூடங்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்றாடம் சாப்பாடு. எந்த ஊரில் எத்தனை பேர் பசியில் இருக்கிறார்கள், அடுப்புக்கு விறகு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்துப் பெயர் எழுதினார்கள். அதற்கு முன்பே செருப்புத் தைக்கவும் கற்றிருந்தார். அவர் தைத்த பூட்ஸை அவருடைய பன்னிரண்டு தொகுதிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி, இது 13-ஆம் தொகுதி என்று மருமகனார் கேலி செய்ததாக ஒரு செய்தி உண்டு.

இதில் சோபியாவைச் சொல்லாமல் போவது அநியாயம். பதின்மூன்று பிள்ளைகள் பெற்றவர். கணவரின் கிறுக்கல் கையெழுத்தை இரவு இரவாகப் படியெடுத்தவர். அவர் சொத்து வேண்டாம், பதிப்புரிமை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக உதறியபோது அடுப்படிக் கணக்கைப் பார்த்தவர் இவர். ஒருவர் பொருள் தேடிக் கிளம்பினால் வீட்டில் இன்னொருவர் பொருள் தேட வேண்டியிருக்கிறது, அகப்பாட்டுப் பொருளில். 1910-இல் 82 வயதில் டால்ஸ்டாய் இரவோடு இரவாக மருத்துவரோடு வீட்டை விட்டுப் போனார். அஸ்தாபவோ என்ற ரயில் நிலையத்தில் காய்ச்சலில் விழுந்தார். சோபியா அங்கே வந்துவிட்டார். உள்ளே விடவில்லை. நிலைய அதிகாரி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி படமெடுக்கப்பட்டிருக்கிறது. டால்ஸ்டாய் நினைவு தவறிய பிறகுதான் சோபியாவை உள்ளே விட்டார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவர் சன்னலுக்கு வெளியே.

அதே 1910-இல் ஜோஹானஸ்பர்க்குக்கு 21 மைல் தள்ளிக் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. காந்தி டால்ஸ்டாயை 1894-இலேயே படித்துவிட்டார். இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு டால்ஸ்டாய் 1908 டிசம்பரில் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' காந்தி கைக்கு வந்து, அவர் குஜராத்தியில் பெயர்த்தார். அந்தக் கடிதத்தில் திருக்குறளின் 'இன்னா செய்யாமை' இருக்கிறது. தேன்துளிக் கதை இங்கிருந்து அங்கே போனது ஊர் பேர் தெரியாமல். குறள் பெயரோடு போயிற்று.

பண்ணையைக் காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்தார், 1,100 ஏக்கர். சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வந்து தங்கின. தமிழர்கள் நிறையப் பேர். துப்புரவும் கடைத்தெரு வேலையும் தம்பி நாயுடு பொறுப்பு. காலன்பாக் மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் கற்பித்தார், போப்பையரின் கையேட்டில் படித்த தமிழை வைத்துக்கொண்டு. பிள்ளைகள் எவ்வளவு சிரித்திருப்பார்கள்! சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும், 21 மைல். அந்த இடத்தை வருணிக்கும்போது காந்தி பழமரங்களைச் சொல்கிறார், ஓர் ஊற்றைச் சொல்கிறார், இரண்டு கிணறுகளைச் சொல்கிறார். அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள், சமைத்தார்கள். வாழ்வின் பொருள் என்ன என்று அங்கே யாராவது யாரையாவது கேட்டார்களா என்று தெரியாது. காலையில் எழுந்து தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது.

மாணவனுக்கு வருகிறேன். போன ஆண்டு திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில், "ஐயா, வணக்கம்" என்று ஒரு குரல். அவன்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். கல்யாணமாகிப் பெண் குழந்தை. டீ வாங்கிக் கொடுத்தான். அந்தப் புத்தகங்களில் ஏதாவது படித்தாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பழக்க தோஷம். சிரித்தான். "இல்லைங்கய்யா. அன்னைக்கு மூணு நாளா சாப்பிடல. அப்பா படுத்துட்டாரு, மெஸ்ஸுக்குப் பணம் கட்டல. உங்ககிட்ட வந்தா ஏதாச்சும் கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க நல்லா பேசுனீங்க."

குத்திக் காட்டவில்லை, பாராட்டாகத்தான் சொன்னான். முக்கால் மணி நேரமும் என் பையில் என் சாப்பாட்டு டப்பா இருந்தது.

மாணவச் செல்வங்களே, நூலகத்தில் சூளாமணி இருக்கும், டால்ஸ்டாய் இருக்கும், பாரதம் இருக்கும். எடுத்துப் படியுங்கள், எல்லாம் நல்ல நூல்கள். பேராசிரியர்களுக்கும் உங்களுக்கும் இன்னொரு வேண்டுகோள் வைக்கிறேன். விடுதியில் பக்கத்து அறைக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்றால் போய்த் தட்டுங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சாப்பிட்டேன் என்று பதில் வந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆளைக் கூப்பிட்டுக் கதவைத் திறங்கள்.